பதிலுக்கு விட்ட இடம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு அனுபவத்திலிருந்து ஏதாவது எழுதித் தாருங்கள் என்று ஸ்டூடியோவிலிருந்து கேட்டிருந்தார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருப்பவளுக்கு இப்படி ஒரு வேலை வந்தால் விடுவேனா? உட்கார்ந்துவிட்டேன். படிக்க உங்களுக்குப் பொறுமை இருக்குமா என்பதுதான் தெரியவில்லை. நீங்கள் ஒரு பாட்டை முடித்து விரலால் ஒரு தட்டுத் தட்டினால் அடுத்த நிமிடம் அது அமெரிக்காவில் கேட்கிறது. எங்கள் காலத்தில் அதே பாட்டு இதே பெங்களூருக்குள் அல்சூரிலிருந்து லிங்கராஜபுரம் போவதற்கு ஒரு சிடியும் ஒரு பஸ்ஸும் வேண்டும். பஸ்கூட எப்படியாவது வந்துவிடும். சிடியில் பாட்டை ஏற்றுவதற்குள்தான் உயிர் போய் உயிர் வரும்.

தொண்ணூறுகளின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். அல்சூர் ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், மாடியில், அப்போது நான் வேலை பார்த்த இடம் இருந்தது. பழைய கேசட்டுகளைச் சிடியாக மாற்றித் தருவதுதான் எங்களுக்கு முக்கிய வேலை. கேசட்டை ஓட்டிக் கணினியில் பதிந்து, சுத்தம் செய்து, சிடியில் எழுதுவோம். பர்ன் பண்ணுவது என்போம். எழுதிக்கொண்டிருக்கும்போது கணினி ஒரு கணம் திணறினால் போதும், சிடி வீண். அந்த நேரத்தில் யாரும் மவுஸைத் தொடக் கூடாது. மாடிப்படியில் யாராவது தடதடவென்று ஏறினால் என்னோடு வேலை பார்த்த ஸ்டீபன் திரும்பி ஒரு முறை முறைப்பான். கரண்ட் போனால் கேட்கவே வேண்டாம். வீணான சிடிகளை என் அம்மா வாங்கிக்கொண்டு போய், புறா விரட்டுவதற்காக மொட்டை மாடியில் கட்டித் தொங்கவிட்டார். எங்கள் தெருவிலேயே பளபளவென்று மின்னிய மாடி எங்களுடையதுதான்.

முதலாளி அதிகம் பேச மாட்டார். பேசினால் ஒரே பேச்சுத்தான். "நம்ம மெஷின்ல பாடறதுல இன்னா பெருமை? அவங்க வூட்டுப் பெட்டில பாடுச்சான்னு பாத்துட்டு வந்து சொல்லு." அதற்காகவே சிடியோடு எங்களைப் பஸ் ஏற்றிவிடுவார். அப்போது எங்களுக்கு அது பெரிய தொல்லையாக இருந்தது. வெயிலில் அலையும்போதெல்லாம் அவரை மனதாரத் திட்டியிருக்கிறேன்.

புகார்களுக்குப் பஞ்சமே இல்லை. பழைய பெட்டிகள் நாங்கள் எழுதிய சிடியைக் கண்டாலே துப்பிவிடும். பேப்பர் லேபிள் ஒட்டினால் சிடி தள்ளாடும். ஒருவர் பேத்தி பிறந்தநாள் வாழ்த்தைப் பால்பாயிண்ட் பேனாவால் அதன் முதுகிலேயே அழுத்தி எழுதிவிட்டு, பாட்டு நடுவில் திக்குகிறதே என்று சண்டைக்கு வந்தார். இதெல்லாம் எங்களுக்குப் பழகிப்போனது. ஆனால் "வேகமா ஓடுது" என்று ஒரே ஒருவர்தான் வந்தார். அவரைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அமலி அக்கா லிங்கராஜபுரத்துக்காரர். அவர் கணவர் ஜோசப் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக்காகப் பல வருடங்கள் இருந்தவர். போன் பேசக் கட்டுபடியாகாத காலம். அவருக்குக் கடிதம் எழுதவும் வராது. கேசட்டில் பேசிப் பதிந்து, ஊருக்கு லீவில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். ஒருவழியாக எல்லாம் முடிந்தது என்று பெட்டி படுக்கையோடு திரும்பி வந்தார். வந்த சில மாதங்களிலேயே பக்கவாதம். வலது கையும் பேச்சும் போய்விட்டன.

அத்தனை கேசட்டில் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது. அதை ஒருநாள் அக்கா சும்மா ஓட்டியிருக்கிறார். பெட்டிக்குள்ளிருந்து பழைய ஜோசப், "அமலி, சாப்டியா?" என்று கேட்க, நாற்காலியில் இருந்த ஜோசப்பும் கூடவே "சாப்டியா" என்று சொல்லிவிட்டார். அந்த ஒரு வார்த்தைதான். அதுவும் கேசட் ஓடினால்தான் வரும். பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மா, "தினம் போட்டுக் காட்டுங்க. இந்த ஒண்ணப் புடிச்சுக்கினு மத்தது வரலாம். இதையும் உட்டுட்டா கஷ்டம்" என்று சொல்லியிருந்தார். தினமும் ஓட்டினால் கேசட் தேய்ந்துவிடுமே என்றுதான் அக்கா அதைச் சிடியாக மாற்ற எங்களிடம் கொண்டுவந்தார்.

வேலை ஸ்டீபனுக்குப் போனது. அவனும் லிங்கராஜபுரம்தான். சர்ச்சில் கிடார் வாசிப்பவன், நல்ல காதுள்ளவன். இரைச்சல் என்றால் அவனுக்கு ஆகாது. அந்தக் கேசட்டில் ஜோசப் குரலுக்குப் பின்னால் கடகடவென்று ஏதோ ஒரு சத்தம், நடுநடுவே பேச்சே இல்லாத இடங்கள். ஸ்டீபன் மூன்று நாள் உட்கார்ந்து அந்தச் சத்தத்தைத் துடைத்தெடுத்தான். பேச்சில்லாத இடங்களை வெட்டி ஒட்டினான். எங்கள் இடத்தில் எல்லாருமே அப்படித்தான் செய்வோம், அதற்குப் பெயரே சுத்தம் செய்வது. முடித்துவிட்டு என்னைக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னான். குரல் பக்கத்தில் நின்று பேசுவது போல அவ்வளவு தெளிவு. பிரமாதம் என்று நானும் முதுகில் தட்டிக்கொடுத்தேன்.

கொண்டுபோன சிடியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு நாலு நாளில் அக்கா திரும்பி வந்தார்.

"வேகமா ஓடுதும்மா."

"வேகமா எப்பிடிக்கா ஓடும்?" என்றான் ஸ்டீபன். "குரல் கீச்சுன்னு கேக்குதா?"

"குரல் அவருதுதான்."

"அப்ப எது வேகம்?"

"அவருதான். வேகமா போய்க்கினே இருக்காரு."

ஸ்டீபன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். கணினியில் ஒலியைப் பதிய இரண்டு அளவுகள் உண்டு, உங்களுக்குத் தெரியும். ஒன்றில் பதிந்ததை மற்றொன்றாக நினைத்து எழுதிவிட்டால் வேகம் மாறும். அதைப் பார்த்தோம், சரியாகவே இருந்தது. அக்கா வீட்டுப் பெட்டியில்தான் கோளாறோ என்று வேறு கம்பெனி சிடியில், மெதுவான வேகத்தில், புதிதாக எழுதிக் கொடுத்தோம். "இது கண்டிப்பா ஓடும்க்கா" என்று ஸ்டீபன் சொல்லி அனுப்பினான்.

அடுத்த வாரம் மறுபடி வந்தார். இந்த முறை நாற்காலியில் உட்காரவில்லை.

"ஸ்டீபன், தப்பா நெனச்சுக்காதப்பா. இதப் போட்டாலே அவரு மூஞ்சத் திருப்பிக்கிறாரு. அந்த ஒரு வார்த்தையும் வரல. ஒரு வாரமா வரல. பழைய கேசட்டே தேவலன்னு அத எடுத்துப் போட்டேன்..."

பையிலிருந்து கேசட்டை எடுத்து மேஜைமேல் வைத்தார். வீட்டு டேப் ரெக்கார்டர் கடித்துக் குதறியிருந்தது. நாடா வெளியே வந்து, அங்கங்கே அறுந்து, சேமியா போலச் சுருண்டு கிடந்தது.

"பரவால்லக்கா, நாம பதிஞ்ச ஒரிஜினல் நம்ம கம்ப்யூட்டர்ல இருக்குமே" என்றேன் நான், பெரிய தைரியசாலி போல. ஸ்டீபன் இல்லை என்று தலையாட்டினான். சிடியை வாடிக்கையாளர் வாங்கிக்கொண்டு போனதும் மூலப் பதிவை அழித்துவிட்டு அடுத்த வேலைக்கு இடம் பண்ணுவதுதான் எங்கள் வழக்கம். அந்தக் கால ஹார்ட் டிஸ்க் எவ்வளவு சின்னது என்று சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். உங்கள் போனில் இருக்கிற பூனை வீடியோக்களுக்கே அது காணாது.

ஆக, ஜோசப்பின் அந்தப் பேச்சு இனி எங்கள் சிடியில் மட்டும்தான் இருந்தது. அதுவோ அவருக்குப் பிடிக்கவில்லை.

"டிஸ்க்ல ஒரு தப்பும் இல்ல செல்விக்கா. நான் சத்தியமா சொல்றேன்" என்றான் ஸ்டீபன். அவன் சொன்னது உண்மை. எங்கள் மெஷினில் எத்தனை முறை ஓட்டினாலும் தப்பே இல்லை. அக்கா சொன்னதும் உண்மையாகத்தான் இருக்க வேண்டும், அந்த முகத்தில் பொய் இல்லை. இந்த இடத்தில் நீங்கள் என் பேச்சைக் கேளுங்கள். புகார் சொல்ல வருகிறவர்களுக்கு என்ன கெட்டுப்போனது என்று சொல்லத் தெரியாமல் இருக்கலாம். வேகம் என்பார்கள், இரைச்சல் என்பார்கள். வார்த்தை தப்பாக இருப்பதால் புகாரே தப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலாளியின் பேச்சு காதில் விழ, நான் செருப்பை மாட்டிக்கொண்டு அக்காவோடு பஸ் ஏறினேன்.

கிறிஸ்துமஸ் வரப்போகிற நேரம். லிங்கராஜபுரத்துச் சந்துகளில் வீட்டுக்கு வீடு காகித நட்சத்திரம் தொங்கியது. அக்கா வீடு முதல் மாடியில், ஒரு கூடமும் அதை ஒட்டிய சமையலறையும். ஜோசப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வராத வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் தலையசைத்தார். நல்ல களையான முகம்.

"போடுங்கக்கா, கேக்கலாம்" என்றேன்.

சிடி ஓடியது. "அமலி சாப்டியா, சரி, பசங்க ஸ்கூல் போறாங்களா, நல்லது, தண்ணி ஒழுங்கா வருதா, சரி சரி, உனக்கு இடுப்பு வலி எப்பிடி இருக்கு, பாத்துக்க..." ஸ்டூடியோவில் தெளிவாகக் கேட்ட அதே பேச்சு. ஜோசப் கொஞ்ச நேரம் பெட்டியையே பார்த்தார். பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் அவரைத்தான் பார்க்க வந்தேன். ஆனால் என் கண்ணில் பட்டது அக்கா. பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு வாயைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். ஓடுகிற பஸ்ஸில் ஏறப் பார்த்து ஏற முடியாமல் நிற்பவரைப் போல இருந்தது.

"அக்கா, நீங்க எதுக்கு வாய அசைக்கிறீங்க?"

அவருக்கு வெட்கம் வந்துவிட்டது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

"அவரு கேட்டா பதில் சொல்லணும்ல? கேசட்டுல ஒண்ணு கேட்டுட்டு, கம்முனு இருப்பாரு. நான் சொல்லி முடிச்சதும்தான் சரின்னுவாரு. அப்பிடித்தான் பேசி அனுப்புவாரு. நானும் அப்பிடித்தான் கேப்பேன். இது என்னப் பேசவே உடமாட்டேங்குதும்மா."

பேச்சில்லாத இடம் என்று ஸ்டீபன் வெட்டி எறிந்ததும், நான் முதுகில் தட்டிக்கொடுத்ததும் எது என்று அப்போதுதான் புரிந்தது. மஸ்கட்டில் ஒரு மனிதர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, இந்நேரம் அவள் சொல்லி முடித்திருப்பாள் என்று மனதுக்குள் அவள் குரலைக் கேட்டுக் காத்திருந்திருக்கிறார். அந்தக் காத்திருப்பைத்தான் நாங்கள் இரைச்சல் என்று கூட்டித் தள்ளியிருந்தோம். ஜோசப்புக்கும் கேட்டால் பதில் வர வேண்டும். பதில் வராத இடத்தில் அவருடைய வார்த்தையும் வரவில்லை.

கிளம்பும்போது அக்கா இன்னொன்றும் கேட்டார். "அந்த ஏசி எங்கம்மா போச்சு? ஊருல இருக்கற ஏசியெல்லாம் ரிப்பேர் பண்ணுவாரு, அவரு ரூம்ல இருக்கறது மட்டும் கடகடன்னு ஆடிக்கினே இருக்கும். அது கேட்டாத்தான் அவரு ரூம்ல இருக்காருன்னு எனக்குத் தோணும்."

நான் திரும்பிவந்து சொன்னதைக் கேட்டு ஸ்டீபன் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். பிறகு வீறாப்போடு எழுந்து, ஒவ்வொரு கேள்விக்குப் பின்னாலும் கொஞ்சம் வெற்று இடம் விட்டுப் புதிய சிடி எழுதினான். அதை எடுத்துக்கொண்டு அவனே ஓடினான். முதல் கேள்வி முடிந்து அந்த வெற்றிடம் வந்ததும் ஜோசப் இடது கையை நீட்டிப் பெட்டியைத் தட்டினாராம். நின்றுவிட்டது என்று நினைத்திருக்கிறார். கணினி உண்டாக்கும் மௌனத்தில் ஒன்றுமே இருக்காது. ஆள் இருக்கிற அறையில் அப்படி ஒரு மௌனம் கிடையாது.

அப்போதுதான் குதறிப்போன கேசட்டைக் கையில் எடுத்தோம். அறுந்த நாடாவில் கடைசித் துண்டு மட்டும் முழுசாக இருந்தது. அதை வேறு கேசட் கூட்டுக்குள் ஏற்றி ஓட்டினோம். "சரி அமலி, வச்சுடறேன்" என்று சொல்லிவிட்டு ஜோசப் பட்டனைச் சரியாக அழுத்தாமல் விட்டிருந்தார். பேச்சு முடிந்த பிறகும் ஒரு நிமிடத்துக்கு அந்த அறை தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. கடகடவென்று ஏசி, எங்கோ ஒரு கதவு. மூன்று நாள் உட்கார்ந்து அந்த ஏசியை ஒழித்த ஸ்டீபன், இப்போது அதில் ஒரு சொட்டும் சிந்திவிடக் கூடாதே என்று பதறினான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் பாவம் என்றும் இருந்தது.

ஏசி கிடைத்துவிட்டது. ஒவ்வொரு கேள்விக்கும் அவர் எவ்வளவு நேரம் விட்டிருந்தார்? அது அக்காவுக்கு மட்டும்தான் தெரியும். அவரை ஸ்டூடியோவுக்கு வரவழைத்தோம். கேள்வியை நாங்கள் ஓட்டுவது, அக்கா பதில் சொல்வது, சொல்லி முடித்ததும் அடுத்ததை ஓட்டுவது. அக்கா எடுத்துக்கொள்ளும் நேரமே இடைவெளி.

பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார். கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அமலி, சாப்டியா?"

"சாப்பிட்டேன்."

"பசங்க ஸ்கூல் போறாங்களா?"

"நல்லபடியா போகிறார்கள்."

சர்ச்சில் அறிவிப்பு வாசிப்பது போல ஒரு குரல். எழுதி ஓட்டிக் காட்டியதும் அவரே தலையை ஆட்டினார். "இல்லம்மா. இது அவரு இல்ல. அவரு இன்னும் ஜாஸ்தி நேரம் இருப்பாரு." பேச்சுப் பயிற்சி அம்மா வேறு, ரொம்ப நாள் விட்டுவிடாதீர்கள் என்று சொல்லியிருந்தாராம். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஸ்டீபன் எல்லா இடத்தையும் இரண்டு மடங்கு ஆக்கிவிடலாமா என்று கேட்டான். நான் அக்காவிடம் வேறொன்று கேட்டேன்.

"அக்கா, அவரு மஸ்கட்ல இருந்தப்போ வீட்ல அந்தக் கேசட்ட எப்ப கேப்பீங்க?"

"சாயங்காலம். பசங்க டியூஷன் போனதும். சமையல்கட்டுல பெட்டிய வச்சுக்கினு, எதாவது வேல பண்ணிக்கினே கேப்பேன். அவரு அங்கயே குந்திக்கினு பேசற மாதிரி இருக்கும்."

மறுநாள் காலையில் மார்க்கெட்டுக்குப் போய் ஒரு பை நிறைய அவரைக்காய் வாங்கிவந்தேன். அது பெங்களூரில் அவரைப் பருவம் என்று உங்களுக்குச் சொல்லவா வேண்டும்? உரித்து, ஊறவைத்து, தோலைப் பிதுக்கியெடுத்துக் குழம்பு வைக்காத வீடு உண்டா? ரெக்கார்டிங் அறைக்குள் பாயை விரித்து, முறத்தையும் பையையும் வைத்து, கண்ணாடிக்கு முதுகு காட்டி அக்காவை உட்காரச் சொன்னேன். மைக்கை அவர் கண்ணில் படாத இடத்துக்குத் தள்ளிவைத்தேன். "ஸ்டூடியோவுல குப்பையா?" என்று முதலாளி எட்டிப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அக்கா உரிக்க ஆரம்பித்தார். கை பழகிய வேலைக்குப் போனதும் தோளும் இறங்கியது. ஸ்டீபன் ஓட்டினான்.

"அமலி, சாப்டியா?"

"எங்க? இன்னும் இல்ல. ஒண்டியா குந்திக்கினு துன்ன பிடிக்கல. பசங்க வரட்டும், பாக்கலாம்."

"சரி. பசங்க ஸ்கூல் போறாங்களா?"

"பெரியவன் கணக்குல கோட்டை உட்டுட்டான். மிஸ்ஸு கூப்ட்டு உட்டுச்சு. நான் போய் நின்னேன், இன்னா பேசறதுன்னே தெர்ல. நீங்க இருந்தா பேசி இருப்பீங்க."

"நல்லது. தண்ணி ஒழுங்கா வருதா?"

"வருதே, ஸ்வல்ப ஸ்வல்ப, கொஞ்சூண்டு..."

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாங்கள் இரண்டு பேரும் மூச்சு விடவில்லை. சிடி எழுதும்போதுகூட அவ்வளவு அடங்கி உட்கார்ந்ததில்லை. பிறத்தியார் வீட்டுக்குள் நுழைந்துவிட்டது போல எனக்குக் கூச்சமாக இருந்தது. வேலை என்பதால் எழுந்துபோகவும் முடியாது.

கடைசியாக ஒரு கேள்வி இருந்தது. வெட்டி ஒட்டிய சிடியில் அது மற்றதோடு மற்றதாக ஓடிப்போயிருந்தது. "அமலி, போதும்னு இருக்கு. நான் வந்துடட்டுமா?"

அவரைக்காய் உரிக்கும் சத்தம் நின்றது.

அக்கா பேசவில்லை. முதுகு மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது. ஸ்டீபன் விரலைப் பட்டன்மேல் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். ஓட்டட்டுமா என்று கண்ணாலேயே கேட்டான். ஓட்டினால் அந்த இடம் போய்விடும். ஓட்டாவிட்டால் அக்கா பதிலே சொல்லாமல் எழுந்துவிடலாம், மறுபடி இப்படி ஒரு நாள் கிடைக்காது. வேண்டாம் என்று தலையசைத்தேன். என் வேலைக் காலம் முழுக்க நான் எடுத்த முடிவுகளில் கஷ்டமானது அதுதான். ஒன்றும் செய்யாமல் இருந்தேன்.

"வாங்க" என்றார் அக்கா. அவ்வளவுதான்.

ஸ்டீபன் பட்டனை அழுத்தினான். "சரி, நீ சொல்றதுதான்" என்றது ஜோசப்பின் குரல்.

வெளியே வந்த பிறகு அக்காவாகவே சொன்னார். "நான் திருப்பி அனுப்பின கேசட்டுல அப்பிடிச் சொல்லலம்மா. அத மஸ்கட்ல அவரு ரூம்ல எல்லாரும் சேர்ந்து குந்திக்கினு கேப்பாங்க. எல்லாரும் சுகம், பசங்க படிப்பு முடியட்டும், பாத்துக்கலாம்னு சொல்லி அனுப்பிட்டேன். அதுக்கப்புறம் எத்தினி வருஷம் இருந்தாரு. வாங்கன்னு நான் சொன்னது நம்ம சமையல்கட்டுக்கு மட்டும்தான் தெரியும்."

பிறகு தன் பதில்களை அழித்துவிடச் சொன்னார். அவர் கண் முன்னாலேயே அழித்தோம். சில பதிவுகளை வைத்துக்கொள்ளத் தெரிய வேண்டும், சிலவற்றை அழிக்கத் தெரிய வேண்டும். எது எது என்று எந்த சாஃப்ட்வேரும் உங்களுக்குச் சொல்லாது.

அன்று சாயங்காலம் ஸ்டீபன் அந்த இடைவெளிகளில் எல்லாம் மஸ்கட் ஏசியைப் பரப்பினான். குரலுக்கு அடியிலும் லேசாக அதை ஓடவிட்டான், பேச்சு முடிந்த பிறகும் கொஞ்சம் ஓடும்படி விட்டுவைத்தான். கடைசி இடம் வந்ததும் தயங்கினான். "ரொம்ப நீளமா இருக்கு செல்விக்கா. கொஞ்சம் கொறச்சுடட்டா?"

"அது அவங்க எடுத்துக்கிட்ட நேரம். நாம யாரு கொறைக்க?"

பாட்டுப் பாட்டாகப் பிரிக்காமல், நடுவில் எங்கேயும் கணினியின் மௌனம் புகுந்துவிடாமல், ஒரே மூச்சில் எழுதினோம். கரண்ட் போகவில்லை. அல்சூரில் அது ஓர் அதிசயம்.

சிடியை எடுத்துக்கொண்டு இரண்டு பேருமே போனோம். அக்கா எங்களை உட்கார வைத்துவிட்டு, பெட்டியில் போட்டுவிட்டு, ஜோசப்புக்குப் பக்கத்தில் நின்றார். ஏசி கடகடவென்று ஆரம்பித்தது. ஜோசப் தலையைத் தூக்கினார்.

"அமலி, சாப்டியா?"

நான் ஜோசப்பின் வாயையே பார்த்தேன். அசையவில்லை. அக்கா பதில் சொன்னார். "சரி" என்றது பெட்டி. அடுத்த கேள்வி, அடுத்த பதில். முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, அதுவரை நல்லது. ஆனால் வார்த்தை வரவில்லை. அக்கா எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார், எங்களைச் சமாதானப்படுத்துவதற்காக. "காபி கொண்டாரேன்" என்று உள்ளே போனார். அழத்தான் போகிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஸ்டீபன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். சிடி தன்பாட்டுக்கு ஓடியது. கூடத்தில் பதில் சொல்ல ஆள் இல்லை. ஒவ்வொரு இடைவெளியிலும் ஏசி மட்டும் ஆடியது.

"அமலி, போதும்னு இருக்கு. நான் வந்துடட்டுமா?"

ஜோசப் சமையலறை வாசலைப் பார்த்தார். அந்த நீளமான இடம் ஓடிக்கொண்டே இருந்தது. உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது.

"வாங்க" என்று அக்காவின் குரல் வந்தது, உள்ளேயிருந்து, மூக்கடைத்துப்போய். "வாங்களேன்."

ஜோசப் இடது கையை ஊன்றி எழுந்தார். ஸ்டீபன் பிடிக்கப் போனான், நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை இழுத்து இழுத்து, சமையலறை வாசல் வரைக்கும் போய் நிலையைப் பற்றிக்கொண்டு நின்றார். பெட்டி "சரி, நீ சொல்றதுதான்" என்றது. அவர் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை.

"சாப்டியா" என்றார்.

பெட்டி கேட்காமல், அவரே கேட்டார். குழறலாக, மெதுவாக, ஆனால் ஒரு எழுத்துக் குறையாமல்.

உள்ளே கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அவர் பொறுமையாக நின்றார். அவருக்குப் பழக்கம்தானே.

"இன்னும் இல்ல" என்றார் அக்கா. "நீங்க வரட்டும்னுதான் இருந்தேன்."

நாங்கள் காபிக்குக் காத்திருக்கவில்லை. செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்கினோம். கீழே தெருவுக்கு வரும்வரை அந்த ஏசி எங்களுக்குக் கேட்டுக்கொண்டே இருந்தது, யாரும் அதை நிறுத்தவில்லை.